கடைசிப் பெட்டியில் தாய்மாமன்

பயிற்சி முடித்து முதல் ஸ்டேஷனுக்குக் கிளம்பக் காத்திருக்கும் புது ஸ்டேஷன் மாஸ்டர் தம்பி தங்கைகளுக்கு: சிக்னலைப் பற்றியோ வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட்டைப் பற்றியோ நான் எதுவும் எழுதப்போவதில்லை. அவற்றுக்குத் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துத் தேறித்தான் வந்திருக்கிறீர்கள். நான் எழுத நினைப்பது 'கடைசி' என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டதால், மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை தன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள முடியாமல் போக இருந்தது.

பணியில் இருந்த நாளெல்லாம் டைரி எழுதியவன் நான். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம், அன்று மழையா வெயிலா, பிளாட்பாரத்தில் என்ன பேச்சு என்பது வரை எழுதி வைத்திருக்கிறேன். பழைய ரயில் காலஅட்டவணைகளைக் கதைப் புத்தகம் போலப் படிப்பவன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆகவே கீழே வரும் மணியும் நிமிடமும் ஞாபகத்திலிருந்து சொல்வதல்ல, டைரியில் உள்ளவை. ஆண்டை மட்டும் விட்டுவிடுகிறேன். இதில் வரும் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரப் பக்கம், மணமேல்குடிக்குப் போகும் பஸ்கள் அந்த ஸ்டேஷன் வாசலில் நின்று போகும். அவ்வளவு போதும்.

அது கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். பிளாட்பாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தண்டவாளம் முடிந்துவிடும். முடியும் இடத்தில் மண்ணைக் கொட்டி, பழைய ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கே அடித்து ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தார்கள். காலையில் ஜங்ஷனிலிருந்து ஐந்து பெட்டிகளோடு ஒரு பாசஞ்சர் வரும். இன்ஜினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்டுவோம். வந்த வண்டியே திரும்பிப் போகும். சாயங்காலம் இன்னொரு முறை இதே கதை. பெரிய ஜங்ஷன் ஒன்றில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக மாற்றலாகிப் போன எனக்கு, இதெல்லாம் பொம்மை ரயில் போலத் தெரிந்தது. அந்தத் திமிரோடுதான் போய் இறங்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அங்கே பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தது ஒரு பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கணவர் பஸ் கண்டக்டர், இரண்டு பிள்ளைகள். இன்ஜினைக் கழற்றுவது, மாட்டுவது, கொடி காட்டுவது, கேட்டைச் சாத்துவது எல்லாம் அவர்தான். பெயரைப் போட்டால், "எதுக்கு சார் என்னைய அச்சுல ஏத்துறீங்க" என்று போன் செய்து சண்டை பிடிப்பார். அதனால் பாயிண்ட்ஸ்மேன் அம்மா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது.

நான் போன முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். அந்த ஊர்க்காரர்கள் பெட்டிகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். வண்டி எப்போதும் முட்டுக்கட்டைக்கு அளவெடுத்தது போல ஒரே இடத்தில் நிற்பதால், எந்தப் பெட்டி எதற்கு எதிரே நிற்குமோ அதுவே அதன் பெயர். முட்டுக்கட்டையை ஒட்டி நிற்பது முட்டுப் பெட்டி. அடுத்தது டீக்கடைப் பெட்டி. பிறகு ஆபீஸ் பெட்டி, பைப்படிப் பெட்டி. ஜங்ஷன் பக்கக் கோடியில் புளியமரத்தடியில் நிற்பது புளியமரத்துப் பெட்டி. மீன் கூடைக்காரம்மாக்கள் பைப்படிப் பெட்டியில்தான் ஏறுவார்கள். கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஏற வசதி. காலேஜ் பிள்ளைகளுக்கு முட்டுப் பெட்டி. அங்கே வீட்டுக்காரர்கள் கண் படாது.

இது எனக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. பெயிண்ட் வாங்கி, பிளாட்பாரத்து விளிம்பில் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதினேன். முட்டுக்கட்டைப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். வருகிற வண்டிக்கு இன்ஜின் அந்தப் பக்கம்தானே. பாயிண்ட்ஸ்மேன் அம்மா இடுப்பில் கொடியைச் செருகிக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"இது வர்ற வண்டிக்கு ஒண்ணா, போற வண்டிக்கு ஒண்ணா சார்?"

"வண்டிக்கு ஒண்ணு. அவ்வளவுதான்."

"வர்றப்ப மொதப் பெட்டி, போறப்ப கடைசிப் பெட்டில்ல. புளியமரம் எங்கயும் போகாது சார்."

எதிர்த்துப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னதில் இருந்த விஷயம் மண்டையில் ஏற எனக்கு மேலும் நான்கு மாதம் ஆயிற்று. அது ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை.

அன்று வண்டி சரியாக ஒன்பது இருபதுக்கு வந்தது. இறங்கியவர்கள் கலைந்தார்கள். இன்ஜினைக் கழற்றும் வேலை தொடங்கியது. ஒன்பது முப்பத்தொன்றுக்கு ஸ்டேஷன் போன் அடித்தது. ஒரு பெண் குரல். பின்னால் தவில்காரர் தட்டிச் சுதி பார்க்கும் சத்தம்.

"சார், ஸ்டேஷனுங்களா? நான் சுமதி பேசுறேன் சார். ஹால்ட்டுக்குப் பக்கத்துல அய்யனார் கோவில்லேருந்து."

எங்களுக்கு முந்திய நிறுத்தம் ஒரு ஹால்ட். பதினைந்து நிமிட ஓட்டம். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. சவரிமுத்து என்ற பலசரக்குக் கடைக்காரர் கமிஷனுக்கு டிக்கெட் விற்பார். அந்த ஹால்ட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

"எங்க அண்ணன் முருகேசன் அந்த வண்டியில வந்தான் சார். இங்கிட்டு இறங்கணும், இறங்கலை. கத்தார்லேருந்து ராத்திரி பூரா பிளேன்ல வந்துட்டு, தூங்கிட்டான்னு நெனைக்கிறேன். போன் அடிக்குது, எடுக்க மாட்டேங்குறான். கொஞ்சம் எழுப்பி ஒரு ஆட்டோவுல ஏத்திவிடுங்க சார். எம் பொண்ணுக்குக் காதுகுத்து. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும்."

"எந்தப் பெட்டிம்மா?"

"கடைசிப் பெட்டி சார். ஜங்ஷன்ல ஏறுனதும் போன் பண்ணான். கடைசிப் பெட்டியில சீட்டுப் புடிச்சுட்டேன்னு அவன் வாயாலயே சொன்னான்."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். அந்த வாக்கியங்களை நான் அன்று மதியமே டைரியில் எழுதிவிட்டேன்.

"ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு சார், இவனுக்கு லீவு கிடைக்காம. இந்தத் தடவையும் வரலைன்னா எங்க வீட்டுக்காரரோட தம்பி மடியில வச்சுக் குத்திருவோம்னு மாமியா வீட்டுல சொல்லிட்டாங்க. அப்பா அம்மா இல்லை சார் எங்களுக்கு. பொறந்த வீட்டு சனம்னு எனக்கு இருக்கது அவன் ஒருத்தன்தான்."

"கவலைப்படாதீங்கம்மா. நானே போய்ப் பார்க்கிறேன்" என்றேன். மனதார அப்படித்தான் சொன்னேன்.

ஆனால் உடனே போக முடியவில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் ஆறேழு பேர் நின்றார்கள். ஜங்ஷனோடு பேச வேண்டிய பேச்சு இருந்தது. நான் எழுந்தபோது ஒன்பது நாற்பத்தாறு. அதற்குள் இன்ஜின் சுற்றி வந்து, ஜங்ஷன் பக்க முனையில் மாட்டப்பட்டு, புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. நான் இன்ஜினைப் பார்த்தேன். அதற்கு நேர் எதிர்க் கோடியைப் பார்த்தேன். கடைசிப் பெட்டி. முட்டுக்கட்டையை நோக்கி விறுவிறுவென்று நடந்தேன்.

நான் எவ்வளவு ஒழுங்காகத் தேடினேன் என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எனக்குப் பெருமை தரும் பகுதி அது ஒன்றுதான். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மேலே சாமான் வைக்கும் பலகையில் படுத்திருக்கிறாரா என்று பார்த்தேன். கழிப்பறைக் கதவுகளைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து, "ஆள் இருக்கு" என்று ஒரு காலேஜ் மாணவன் குரல் கொடுத்தான். "முருகேசனா?" என்றேன். "இல்ல சார், தினேஷு" என்றான். அந்தப் பெட்டியில் முருகேசன் இல்லை என்பதை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்லியிருப்பேன்.

மற்ற நான்கு பெட்டிகளிலும் ஒரு பார்வை பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்திருக்கலாம். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வந்த தகவல் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பார்க்கவில்லை. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அரைகுறைத் தகவல் வந்தால் நாம் நான்கு பேரிடம் விசாரிப்போம், நாலா பக்கமும் தேடுவோம். தெளிவான தகவல் வந்தால் தேடுவதை நிறுத்திவிடுவோம். அந்தத் தெளிவு யாருடைய இடத்திலிருந்து பார்த்த தெளிவு என்று கேட்கத் தோன்றாது.

ஆபீசுக்குத் திரும்பிச் சுமதிக்குப் போன் செய்தேன். "கடைசிப் பெட்டி பூராவும் நானே பார்த்துட்டேன்மா. உங்க அண்ணன் இந்த வண்டியில வரலை."

"சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வண்டியை அனுப்பினேன். நிமிடம் பிசகாமல். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் பாயிண்ட்ஸ்மேன் அம்மா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் மனசு கேட்காமல், "பாவம்மா, ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமன் வரலையாம்" என்று சொல்லத் தொடங்கினேன். கத்தார், ராத்திரிப் பயணம், தூக்கம் என்று இரண்டு வாக்கியம்கூட முடிக்கவில்லை.

"மூக்குக் கண்ணாடி, ஊதா சட்டை, காலுக்கடியில பெரிய சூட்கேஸு, நூலு கட்டி மேல பேரு எழுதி ஒட்டியிருக்கும். அவரா சார்?"

"நீங்க எங்கே பார்த்தீங்க?"

"புளியமரத்துப் பெட்டியில. இன்ஜினை மாட்டையில சன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு. இடிச்ச இடியில பெட்டியே குலுங்குச்சு, மனுசன் அசையலையே. திரும்பிப் போற ஆளுபோல, ஏறுனதும் தூங்கிட்டாருன்னுல்ல நெனச்சேன்."

அப்போதுதான் என் தலைக்குள் அந்த இன்ஜின் மறுபடி ஒருமுறை சுற்றி வந்தது. முருகேசன் ஜங்ஷனில் ஏறும்போது அது கடைசிப் பெட்டி. இங்கே இன்ஜின் முனை மாறியதும் அதுவே முதல் பெட்டி. நான் தேடியது அவர் ஏறியபோது முதல் பெட்டியாக இருந்ததை.

"நீங்க எங்க சார் தேடுனீங்க?" என்று கேட்டார்.

"முட்டுப் பெட்டியில" என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றுவரை நன்றி.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. வண்டி ஹால்ட்டில் பத்து பத்துக்கு நிற்கும், ஒரே ஒரு நிமிடம். வாக்கி டாக்கியில் கார்டைப் பிடித்தேன். இப்போது அவர்களுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். அன்றைக்கு எங்களுக்குக் கார்டுதான். விஷயத்தைச் சொன்னேன்.

"மாஸ்டர், நான் இந்தக் கோடியில இருக்கேன். ஆளு அந்தக் கோடியில தூங்குறாரு. நடுவுல மூணு பெட்டி, ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு வழி கிடையாது. கூரை மேல ஓடிப்போகவா?"

"ஹால்ட்டுல கூடுதலா எவ்வளவு நிறுத்த முடியும்?"

"டீக்கடைப் பெட்டியில ரெண்டு பேரு புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போறாங்க. ஜங்ஷன்ல இணைப்பு வண்டி புடிக்கணும். ஒரு நிமிசத்தை மூணு நிமிசமாக்குறேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

இந்த இடத்தில் எனக்கு வந்த ஒரு ஆசையையும் சொல்லிவிட வேண்டும். வழியில் ஒரு லெவல் கிராசிங் இருந்தது. கேட்கீப்பருக்குப் போன் செய்து சிவப்புக் கொடி காட்டச் சொன்னால் வண்டி நிற்கும். யாராவது ஏறி அவரை உலுக்கி எழுப்பி, கோவில் பக்கம் ஒரு பைக்கில் அனுப்பலாம். கை கேட் போன் வரை போய்விட்டது.

"தூங்குறவரை எழுப்பச் செவப்புக் கொடியா சார்?" என்றார் பாயிண்ட்ஸ்மேன் அம்மா. குரலில் கிண்டலே இல்லை.

கையை எடுத்துக்கொண்டேன். சிவப்புக் கொடியைப் பார்க்கும் டிரைவர், முன்னால் தண்டவாளம் உடைந்திருக்கிறது என்றோ யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்றோதான் நினைப்பார், நினைக்க வேண்டும். அந்த நினைப்பு ஒரு நாளும் பொய்யாகக் கூடாது. என் தப்பை நேர்செய்ய நான் என்னுடைய ஓட்டத்தையும் என்னுடைய வாயையும் செலவழிக்கலாம். கொடியைச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை. நெருக்கடியில் கைக்கு முதலில் எட்டுவது பெரும்பாலும் நம்மிடம் உள்ளவற்றில் மிகப் பெரிய ஆயுதமாக இருக்கும். ஒரு மூச்சு விட்டுவிட்டு, அதைவிடச் சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு இருந்தது. பத்து பத்துக்கு அந்த வண்டி தானாகவே கோவில் வாசலுக்குப் போய் நிற்கப்போகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அங்கே சரியான ஆட்கள் சரியான இடத்தில் நிற்க வேண்டும்.

சுமதிக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பத்து ஒன்றுக்குச் சவரிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார். நான் கோவில்லதான் நிக்கிறேன். பொங்கல் சாப்பிடக் கூப்பிட்டாங்க."

"காது குத்தியாச்சா?"

"இன்னும் இல்லை. புள்ளையச் சித்தப்பா மடியில உக்கார வச்சிருக்காங்க. ஆசாரி ஊசியத் தொடச்சுக்கிட்டு இருக்காரு. அந்தப் புள்ள சுமதிதான் சாமிக்கிட்ட திரும்பி நின்னு அழுதுக்கிட்டு இருக்கு."

"நிறுத்தச் சொல்லுங்க. தாய்மாமன் வாராரு."

"எங்கிட்டிருந்து சார் வாராரு? நீங்கதான வரவே இல்லைன்னு சொன்னீங்களாம்."

"வந்தாருங்க. தூக்கத்துல உங்க ஊரைத் தாண்டி இங்கே வந்துட்டாரு. நான் பார்க்கலை. இப்ப அதே வண்டியில தூங்கிக்கிட்டே திரும்பி வாராரு."

"என்ன சார் அவரு, ரோந்து சுத்துறாரா?" என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினார்: "யப்பா, ஆசாரியாரே, ஊசியக் கீழ வைங்க. பொண்ணோட மாமன் ரயில்ல வாராராம். ஸ்டேஷன் மாஸ்டரே சொல்றாரு."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். யாரோ ஒரு பெரியம்மா, "அவருதான இல்லைன்னும் சொன்னாரு" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது. நியாயமான கேள்வி. போன் கைமாறியது. மூக்கு அடைத்த குரலில் சுமதி.

"சார், நெசமாவா?"

"நெசம்தாம்மா. தப்பு என்னோடது. கடைசிப் பெட்டின்னு நான் வேற பெட்டியைப் பார்த்துட்டேன். இன்னும் எட்டு நிமிஷத்துல வண்டி அங்கே நிக்கும். மூணு நிமிஷம்தான். ஏறி எழுப்பி இறக்கணும். அவர் முதல் பெட்டியில இருக்காரு."

"மொதப் பெட்டின்னா பாலத்துப் பக்கமா, கோவில் பக்கமா சார்? கார்டு பெட்டிகூட ஒரு மொனையிலதான வருது. எந்த மொனை சார்?"

அந்த ஹால்ட்டில் எது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. நான்கு மாதத்தில் ஒரு முறைகூட அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. பாயிண்ட்ஸ்மேன் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"இந்தா பாரு தாயி, மொதலு கடைசி எல்லாத்தையும் விடு. இன்ஜினை ஒட்டுன பெட்டி. ஒங்க பிளாட்பாரத்துல எடம் பத்தாது, அது தாண்டிப்போயி மண்ணுலதான் நிக்கும், கோவில் பக்கம், அந்த எலந்தை மரத்துக்கிட்ட. அங்கிட்டுப் போயி நில்லு. புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடாத, யார்கிட்டயாவது குடு. வண்டி நின்ன பொறவு ஏறுங்க, முந்தி ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது. ஏறுறதுக்குத் தெம்பா ரெண்டு ஆம்பளைங்க. அப்புறம்..." ஒரு நொடி யோசித்தார். "மேளக்காரங்களையும் கூட்டிட்டுப் போ. இன்ஜினை இடிச்சே எந்திரிக்கலை அந்த மனுசன்."

பத்து எட்டுக்குச் சவரிமுத்து மறுபடி கூப்பிட்டார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, சத்தமெல்லாம் அவர் மூச்சிரைப்போடு சேர்ந்து வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். பாயிண்ட்ஸ்மேன் அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர் கிளாசை எடுக்க வந்தவர் எடுக்காமல் நின்றுவிட்டார். தூரத்தில் ஹாரன். நெருங்கி வரும் இரைச்சல். பிரேக்கின் கிரீச்.

பிறகு நாதஸ்வரம் எழுந்தது. கெட்டிமேளம் போல ஒரு தவில் அடி. அந்தக் குழுவினர் எத்தனையோ கல்யாணங்களுக்கு வாசித்திருப்பார்கள், ரயில் பெட்டி சன்னலில் வாய் வைத்து வாசித்தது அன்றுதான் என்று பிறகு சவரிமுத்து சொன்னார். எங்கள் கார்டு வாக்கி டாக்கியில் விஷயம் சொல்லியிருந்தார் போலும், டிரைவரும் தன் பங்குக்கு நீளமாக ஒரு ஹாரன் கொடுத்தார். இத்தனைக்கும் மேலே ஒரு பெண் குரல்:

"எந்திரிடா. டேய் முருகேசா. எந்திரிச்சுத் தொலைடா, ஒம் மருமக மொட்டைத் தலையோட ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா."

கார்டின் விசில். மறுபடி விசில். ஹாரன். வண்டி கிளம்பும் இழுப்புச் சத்தம். அந்த நேரம் பார்த்துப் போன் அறுந்துபோயிற்று.

இருபத்தேழு வருட வேலையில் அதற்குப் பின் வந்த நான்கு நிமிடத்தைப் போல நீளமான நான்கு நிமிடத்தை நான் பார்த்ததில்லை. வாக்கி டாக்கிக்கு எட்டாத தூரத்துக்கு வண்டி போய்விட்டது. நான் எழுதவும் இல்லை, உட்காரவும் இல்லை. டீக்கடைக்காரர் மட்டும், "இறங்கியிருப்பாரு சார், அந்த நாயனத்துக்குப் பொணமே எந்திரிக்கும்" என்றார். நல்ல நாளும் அதுவுமாய் என்ன பேச்சு என்று பாயிண்ட்ஸ்மேன் அம்மா அவரை முறைத்தார்.

பத்து பதினேழுக்கு மணி அடித்தது. ஆண் குரல். தூக்கம் கலையாத குரல்.

"ஸ்டேஷன் மாஸ்டருங்களா? வணக்கம் சார். முருகேசன் பேசுறேன். என்னால உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமமாப் போச்சு."

"இறங்கிட்டீங்களா?"

"நான் இறங்கிட்டேன் சார். சூட்கேஸும் ரெண்டு செருப்பும் வண்டியிலயே போயிருச்சு."

பாயிண்ட்ஸ்மேன் அம்மா பதறிப்போய், "தோடு அதுலயா இருக்கு?" என்று குனிந்து கேட்டார்.

"இல்லக்கா. தோடு இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கேன். அதைப் பெட்டியில வைப்பனா."

உடனே ஜங்ஷனுக்குச் சொன்னேன். இந்த முறை, "அங்கே வந்து நிற்கும்போது இன்ஜினை ஒட்டிய பெட்டி, எங்கள் பக்கத்துக் கோடியில்லை, உங்கள் பக்கத்துக் கோடி" என்றேன். எதிர்முனை ஸ்டேஷன் மாஸ்டர், "என்ன சார், சூட்கேஸுக்குப் போய் வரைபடமே போட்டுக் குடுக்குறீங்க" என்றார். சாயங்கால வண்டியில் சூட்கேஸும் செருப்பும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

பத்து இருபத்திரண்டுக்குச் சுமதி கூப்பிட்டார். "சார், வைக்காதீங்க. அந்த அக்காவும் இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். மேளம் நின்றிருந்தது. முருகேசன் மெதுவாக, "மாமா இருக்கேன்டா, மாமா மடியிலதான இருக்க, அங்க பாரு குருவி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் வந்தது பாருங்கள், ஓர் அலறல். எங்கள் ஆபீஸ் ஓட்டுக்கூரை வரை போய் முட்டிவிட்டு வந்தது. அந்தப் பக்கம் குலவைச் சத்தம். பாயிண்ட்ஸ்மேன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடித்துணியை மடிக்கத் தொடங்கினார்.

"ஒண்ணு ஆச்சு சார்" என்றார் சுமதி. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "இருங்க, இன்னொண்ணு இருக்கு."

இரண்டாவது அலறல் முதலாவதைவிடப் பெரிது. என்ன வரப்போகிறது என்று குழந்தைக்கு இப்போது தெரிந்துவிட்டதல்லவா. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தாறு. ராகு காலத்துக்கு நான்கு நிமிடம் மிச்சம்.

டீக்கடைக்காரர் எல்லாருக்கும் ஒரு டீ போடப் போனார். அப்போது கண்ட்ரோலிலிருந்து அழைப்பு. வண்டிகளின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் அந்த அறைக்கு, எங்கள் பாசஞ்சர் இரண்டு நிமிடம் தாமதம் என்ற செய்தி போய்விட்டிருந்தது. முன்பின் பார்த்திராத ஒரு கண்ட்ரோலர். குரலில் எந்தச் சுவையும் இல்லை.

"ஹால்ட்டில் இரண்டு நிமிடம் கூடுதல். காரணம்?"

மழுப்பக் காரணங்கள் உண்டு. பயணிகள் கூட்டம் என்று சொல்லலாம், சாமான் இறக்கம் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லிப் பழகியவர்கள் உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். நான், "தவறு ஸ்டேஷன் மாஸ்டருடையது. இறக்கிவிட வேண்டிய ஒரு பயணியைத் தவறான பெட்டியில் தேடினேன். அவரை ஹால்ட்டில் இறக்க நேரம் எடுத்தது" என்றேன்.

"உடம்புக்கு முடியாதவரா?"

"இல்லை. தாய்மாமன்."

அந்தப் பக்கம் எழுதும் பேனா நின்றுவிட்டது போலிருந்தது. பிறகு அதே குரல், இம்முறை ஊர்ப் பேச்சில் கேட்டது.

"குத்தியாச்சா?"

"ரெண்டு காதும் ஆச்சு சார்."

"அப்பச் சரி" என்றார் கண்ட்ரோலர்.